விரல்கடை தூரம்

குருவிநத்தத்தில் தணிகைவேலுவைப் பின்பக்கமாக நெருங்குகிறவர்கள் முதலில் ஒருமுறை கனைத்துக்கொள்வார்கள். மரியாதைக்காக அல்ல, மண்டை பத்திரமாக இருக்க வேண்டுமே என்பதற்காக. சிலம்பத்தில் பாகூர் கொம்யூன் வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கிய ஆள் அவன். முதுகுக்குப் பின்னால் சருகு சலசலத்தால் போதும், யார் எவர் என்று புத்தி கேட்பதற்குள் கம்பு கிளம்பிவிடும். கிளம்பிய கம்பு வந்தவன் காதோரத்தில் ஒரு விரல்கடை தூரத்தில் வந்து நின்றும்விடும். அடிக்கக் கற்றவர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருந்தார்கள். அடித்த அடியைப் பாதியில் நிறுத்தக் கற்றவன் அவன் ஒருவன்தான்.

அந்த விரல்கடை தூரத்தை அதிகம் பார்த்தவள் அவன் மனைவி செங்கமலம். கல்யாணமான புதிதில் கரும்புக் கொல்லைக்குச் சோறு கொண்டுபோனவள், சத்தம் காட்டாமல் பின்னால் போய் நின்றுவிட்டாள். நெற்றிக்கு நேரே கம்பு வந்து நின்றதில் சட்டியைப் போட்டுவிட்டு அலறினாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு வரப்பில் கால் வைத்ததுமே தூக்குச்சட்டி மூடியை வளையலால் தட்டிக்கொண்டே போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. என்றைக்காவது மறந்தாலும் பயமில்லை. கம்பு வரும், நிற்கும், இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

"மாமா, என்னிக்கினா ஒருநாளு கை தப்பிடுச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்பாள்.

"தப்பாது."

"தப்பிடுச்சின்னா?"

"தப்பிடுச்சின்னா கம்ப ஒடிச்சி அடுப்புல வச்சிடறேன். நீ அதுலயே எனக்குக் களி கிண்டிப் போட்டுடு."

அந்தப் பக்கத்துச் சிலம்பத்தில் ஒரு முறை உண்டு. கம்பு உடம்பில் பட்டால் பட்டவன்தான் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, "பட்டுது" என்று சொல்லிக் கம்பைத் தரையில் வைத்துவிட வேண்டும். தொட்டவன் வாய் திறக்கக் கூடாது. பட்டவன் சொன்ன பிறகு எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று யாரும் கேட்கவும் கூடாது. தணிகைவேலு அந்தச் சொல்லைச் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்க வைத்தது ஒரு காட்டுப்பன்றி. பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை. பகலெல்லாம் அந்தச் சீமை நாணலில் படுத்துத் தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஆற்றைக் கடந்து இந்தச் சீமைக் கரும்பைத் தின்றது பன்றி. தின்றதைவிட மிதித்துச் சாய்த்தது அதிகம். போன வருஷம் அதை விரட்டப் போன குழந்தைவேலுவைத் தொடையில் கிழித்துவிட்டது. பிழைத்தான், ஆனால் இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான். மறு கரும்பு ஆள் உயரம் வளர்ந்து நின்றபோது கரும்புக்காரர்கள் எல்லோரும் அரங்கநாதன் வீட்டு வண்டிக் கொட்டகையில் கூடினார்கள்.

அரங்கநாதனிடம் மேரி என்கிற கொம்யூன் ஆபீசில் அனுமதி வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்து, பின்னால் செப்புக் கேப்பு ஒன்றைப் பொருத்திச் சுடுகிற பழைய துப்பாக்கி. ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஊரில் துப்பாக்கி பிடித்த இன்னொருவன் பலராமன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து லீவில் வந்தவன். அவனுக்கோ பொங்கலுக்கு முன்னாலேயே கப்பல் ஏற வேண்டும்.

"நான் போறதுக்குள்ள ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்" என்றான் பலராமன். "கை நடுங்காத ஆளா குடுங்க."

எல்லோரும் தணிகைவேலுவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "கம்புலயே அந்தப் போடு போடறவன், துப்பாக்கி புடிச்சா பன்னி அந்தாண்டயே நின்னு கும்புடு போட்டுட்டுப் போயிடும்" என்றான் குழந்தைவேலு. தணிகைவேலு மறுத்துப் பார்த்தான். தன் கரும்பும் அதே கரையில்தான் நிற்கிறது என்ற நினைப்பு வந்ததும் அவனால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் ஆற்றங்கரை மேட்டில் பாடம் தொடங்கியது. வாத்தியாரைவிட மாணாக்கனுக்குப் பத்து வயது கூட. செங்கமலம் சோற்றோடு போனபோது, தணிகைவேலு துப்பாக்கியை இரண்டு கையிலும் கிடைமட்டமாக ஏந்தி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, காலை மாற்றி மாற்றி வைத்து அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நில்லு! இன்னாத்துக்கு ஆடற?"

"கால் வைக்காம எப்பிட்றா கை வரும்?"

"வர வேணாம். ஒரே எடத்துல நட்டுவச்ச மாரி நில்லு. ஒரு கண்ண மூடு."

"கண்ண மூடறதா? ஒரு பக்கத்த எதிராளிக்குச் சொம்மா தூக்கிக் குடுக்கறதா?"

"பன்னி இன்னா கம்பு சுத்திக்கினா வருது? மூடுண்ணே!"

மூடினான். மேட்டில் வைத்திருந்த பரங்கிக்காயைப் பார்த்து விசையை இழுத்தான். துப்பாக்கிக் குதிரை கேப்பின் மேல் விழுந்து 'டக்' என்றது, அவ்வளவுதான். இன்னொரு கேப்பு வைத்தார்கள். அதுவும் டக். பலராமன் அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். தணிகைவேலு காலையில் எழுந்ததும் கம்புக்கு விளக்கெண்ணெய் தடவுவான். வித்தை கற்கப் போகும் நாளாயிற்றே என்று அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருந்தான். பலராமன் கெட்டித்துவைத்த துப்பாக்கிக்கும் மரியாதையாக ஒரு பூச்சு பூசியிருந்தான்.

"எண்ண கம்புக்கு, அண்ணே. கேப்பு வாயில எண்ண பட்டுதுன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். தங்கத்தக் கொட்டினாலும் அப்பால வெடிக்காது. கைய மண்ணு போட்டுத் தேச்சிக் கழுவிக்கினு வா."

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த லட்சணத்தில் பன்றிக்கு ஆயுசு கெட்டிதான் என்று நினைத்தாள்.

அவள் நினைத்தபடி நடக்கவில்லை. கை கழுவிய தணிகைவேலு இரண்டாம் நாளே பரங்கிக்காயைச் சிதற அடித்தான். வருஷக்கணக்காகக் கம்பைத் தாங்கிய தோளில் துப்பாக்கி அசையாமல் உட்கார்ந்தது. அடி விழும் நேரத்துக்கு மூச்சை அடக்கும் பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. "பட்டாளத்துல ஒருத்தன் இவ்ளோ கெட்டியா நின்னு நான் பாக்கல" என்று பலராமனே சொன்னான். செங்கமலத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு குறை மட்டும் போகவில்லை. எதிர்பாராமல் சத்தம் கேட்டால் அவன் சுடவில்லை. துப்பாக்கி நடுவில் கை வழுக்கிப் போய், அதைக் கம்பாக்கி வீசினான், பாதியில் நிறுத்தினான். பலராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கரும்புக்குள் மறைந்து நின்று தூரத்தில் காய்ந்த தோகையான சோகை மேல் மண்கட்டியை எறிவான். சலசலத்ததும் "ஃப்யூ!" என்று கத்துவான். பட்டாளத்து பாஷையில் சுடு என்று அர்த்தமாம். மருந்து போடாத துப்பாக்கிதான். சத்தம் வந்த பக்கம் திரும்பி விசையை இழுக்க வேண்டும். காலையும் மாலையும் அதே வேலை. மண்கட்டி, ஃப்யூ, டக். மண்கட்டி, ஃப்யூ, டக். ஒரு வாரத்தில் பலராமன் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. சோகை சலசலத்ததும் துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது, விரல் தானாக மடங்கியது.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செங்கமலம் கீழே இறங்கி வந்தாள்.

"ஏம்பா பலராமா," என்றாள். "கம்புன்னா பாதியில நிறுத்திக்குவாரு. இதுல எங்க நிறுத்துவாரு?"

"நிறுத்தறதுக்கா அண்ணி துப்பாக்கி?" என்று சிரித்தான் அவன். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பட்டாளத்தில் அவனை உயிரோடு வைத்திருந்த பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தான். ஆனால் அந்தப் பட்டாளத்தில் பெண்டாட்டிகள் சோகைக்குள் சோறு கொண்டுவருவதில்லை.

பலராமன் கப்பலேறிப் போனான். தணிகைவேலு தினமும் பொழுது சாயும் முன்பே சாப்பிட்டுவிட்டு ஆற்றோரக் கொல்லைக்குக் காவல் போகத் தொடங்கினான். ஒருநாள் மத்தியானம் கேழ்வரகுக் களியும் நண்டுக் குழம்பும் பரிமாறிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"மாமா, இந்தத் துப்பாக்கி நமக்கு வேணாம். திருப்பிக் குடுத்துடு."

"ஏன்? நல்லாத்தானே சுடறேன்?"

"நல்லா சுடறதுதான் பயமா கீது. பன்னின்னு நெனச்சி வேற யாரையினா..."

அவன் கை களியிலேயே நின்றது. "என் கைய நீயே நம்பலன்னா, வேற யாரு நம்புவாங்க?"

"உன் கைய நம்பறேன் மாமா. அதுக்கு அவன் கத்துக்குடுத்தத நம்பல."

"ஊரே சேந்து குடுத்தது. பயமா கீதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தா நாளைக்கி எவன் மூஞ்சில முழிப்பேன்? சோத்தப் போடு."

அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் பூனை ஒரு தட்டை உருட்டிவிட்டது. செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். பூனையைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். எப்போதும் தட்டுச் சத்தத்துக்கு அவன் முழங்கைதான் கிளம்பும், பாதியில் நிற்கும். இன்றைக்கு வலது தோள் மேலே ஏறியது. களி ஒட்டிய ஆள்காட்டி விரல் உள்பக்கமாக மடங்கியது. அது எங்கும் நிற்கவில்லை, முழுசாக மடங்கிவிட்டது. அவனுக்கு அது தெரியவும் இல்லை. "பூனைதான்" என்று சொல்லிவிட்டு நண்டை உடைத்தான்.

பிறகு அவன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனபோது அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சுவர் மாடத்தில் இருந்த பழைய பொடி டப்பாவில்தான் கேப்புகள் இருந்தன. டப்பாவைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு கேப்பின் வாயிலும் விளக்கெண்ணெய்ச் சொட்டு விட்டாள். ஊறியதும் ஒன்று பாக்கியில்லாமல் துணியால் துடைத்து, மறுபடி டப்பாவில் போட்டு, இருந்த இடத்தில் வைத்தாள். ஊர் பாதுகாப்புக்குக் கொடுத்ததை நாசம் பண்ணுகிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். ஊருக்கு ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரும், அவன் கையால் ஓர் உயிர் போனால் அவன் அதற்கப்புறம் மனுஷனாக இருக்க மாட்டான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவன் குளித்துவிட்டு வந்தான். கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு போனான். எண்ணெய் பூசிய கம்பு மூலையில் சாத்தியபடியே இருந்தது.

பொழுது மசங்கும் நேரம். செங்கமலம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது குழந்தைவேலு காலை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் போயிட்டாரா?"

"அப்பவே போயிட்டாரு. இன்னா சேதி?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒத்தப் பன்னி உங்க கொல்லப் பக்கமாத்தான் எறங்கியிருக்குது. சேத்துல தடம் பாத்தேன், என் கையகலம் கீது. என்னக் கிழிச்சதுதான், எனக்குத் தெரியும்." தொடையைத் தடவிக்கொண்டே சிரித்தான். "இன்னிக்கி அதோட கணக்கு முடிஞ்சிது. அண்ணன் கையில துப்பாக்கி கீதே."

தவிட்டுக் கை தவிட்டிலேயே நின்றுவிட்டது அவளுக்கு. செத்த கேப்பை நம்பி அந்தப் பன்றிக்கு முன்னால் நிற்கிறான். அது ஓடி வரும், இவன் அசையாமல் நின்று, மூச்சடக்கி, ஒரு கண்ணை மூடி, விசையை இழுப்பான். கையில் கம்பாவது இருந்தால் காலை மாற்றி விலகுவான். பாவி, அதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறானே! தானே அவனைக் கட்டிப்போட்டு அனுப்பிவிட்டது போல இருந்தது.

மூலையில் இருந்த கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். குழந்தைவேலு பின்னாலிருந்து என்னவோ கேட்டது காதில் விழவில்லை. வரப்பைச் சுற்றிப் போக நேரமில்லை என்று குறுக்கே கரும்புக்குள் நுழைந்தாள். சோகை முகத்தைக் கீறியது. காலடியில் காய்ந்த சோகை நொறுநொறுவென்று உடைந்தது. கையில் தூக்குச்சட்டி இல்லை, தட்ட மூடி இல்லை. கூப்பிட வேண்டும் என்ற நினைப்பு வந்தபோது அவள் கொல்லையின் மறுகோடிக்கு வந்துவிட்டிருந்தாள். வாயைத் திறந்தாள்.

டக்.

எதிரே நாலு முழத்தில் தணிகைவேலு நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கி தோளில் இருந்தது. குழல் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. குதிரை கேப்பின் மேல் விழுந்து படுத்திருந்தது. மடங்கிய விரல் மடங்கியபடியே இருந்தது.

அவனுக்கு அவள் முகம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் துப்பாக்கி கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. அவனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"செங்கமலம்... நீயா? நீயாடி?"

"நான்தான் மாமா."

"இழுத்துட்டேன். நான் இழுத்துட்டேன்டி. பாத்துட்டு நிறுத்தலாம்னு... இல்ல, அதுகூட நெனைக்கல. ஒண்ணியும் நெனைக்கல."

அவனுக்குக் கை இரண்டும் உதறின. கை நடுங்காத ஆள் என்று ஊர் சேர்ந்து பொறுக்கி எடுத்த கை. அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கு உயிர் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொங்கிப் பொங்கி அழுதாள்.

"கேப்புல எண்ண வச்சது நான்தான்" என்றாள். "எல்லாத்துலயும் வச்சேன். அப்பால பன்னி எறங்கிச்சின்னு சொன்னாங்க. ஐயோ, உன்னக் கொன்னுட்டமேன்னு கம்ப எடுத்துக்கினு ஓடியாந்தேன். நீ என்ன ரெண்டு அடி அடி மாமா, தாங்கிக்கிறேன்."

அவன் அடிக்கவில்லை. அவள் கன்னத்தில் சோகை கீறியிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். எந்த விரல் என்று தெரிந்ததும் சட்டென்று அதை இழுத்துக்கொண்டான். ஆற்றுப் பக்கம் நாணல் ஒடிகிற சத்தம் கேட்டது. அந்தப் பன்றி தன் பாட்டுக்கு இவர்கள் கரும்பைத் தின்றுவிட்டு இங்கிலீஷ் சீமைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

விடிந்ததும் துப்பாக்கியைத் துடைத்து எடுத்துக்கொண்டு அரங்கநாதன் வீட்டுக்குப் போனான். செங்கமலமும் பின்னாலேயே போனாள். எண்ணெய் வைத்ததைத் தானே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே போனாள். வண்டிக் கொட்டகையில் கரும்புக்காரர்கள் காத்திருந்தார்கள். குழந்தைவேலுதான் முதலில் எழுந்தான்.

"இன்னாண்ணே, சத்தமே கேக்கல? பன்னி எங்க?"

தணிகைவேலு துப்பாக்கியை அரங்கநாதன் காலடியில் தரையில் வைத்தான். நிமிர்ந்து நின்று நெஞ்சில் கை வைத்தான்.

"பட்டுது."

குழந்தைவேலுவின் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. புரை விழுந்த கண்ணால் அரங்கநாதன் அவன் நின்ற பக்கத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திருப்பிச் செங்கமலம் நின்ற பக்கத்தையும் பார்த்தார். வழியெல்லாம் கூட்டி வைத்திருந்த வார்த்தையை அவள் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

"சரிப்பா" என்றார் அவர். "பட்டுதுன்னு சொன்னதுக்கு அப்பால கேக்கறதுக்கு இன்னா கீது? துப்பாக்கிய உள்ள வையுங்க. தப்பு மேளத்த எடுங்க, பந்தம் கட்டுங்க. எல்லாரும் சேந்தே காவலுக்குப் போலாம்."

அந்த வருஷம் ஆற்றோரக் கரும்பில் கால்வாசி போயிற்று. தணிகைவேலு பங்குக்கு அதைவிட அதிகமாகவே போயிற்று. அதற்காக அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வேறொன்றுக்காக வருத்தப்பட்டான். கம்பைத் தொடுவதையே விட்டுவிட்டான். யாராவது பின்னால் வந்தால் கை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். செங்கமலம் கொல்லைக்குப் போகும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி மூடியைத் தட்டிக்கொண்டு போனாள்.

"பழைய கை வரும், மாமா. கம்ப எடு" என்பாள்.

"வராம போச்சின்னா?"

அவள் தினம் காலையில் கம்புக்குத் தானே எண்ணெய் தடவி அவன் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனாள். சில நாள் கழித்து அதை ஊன்றிக்கொண்டு நடந்தான். பிறகு ஒருநாள், யாரும் இல்லை என்று நினைத்து, களத்து மேட்டில் மெள்ளக் கால் மாற்றி வைத்ததை அவள் மாட்டுக் கொட்டகை மறைவிலிருந்து பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

மாசியில் கரும்பு வெட்டி ஆலை ஆடினார்கள். கொப்பரையில் பாகு கொதித்து ஊரெல்லாம் வெல்ல மணம். தணிகைவேலு கம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்புக்குச் சோகை தள்ளிக்கொண்டிருந்தான். செங்கமலம் இரண்டு கையிலும் மோர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, சட்டி தளும்புகிறதே என்ற கவலையில், மூடியைத் தட்ட மறந்து பின்பக்கமாக வந்துவிட்டாள். காலடியில் சோகை நொறுங்கியது.

கம்பு வந்தது.

அவள் கண்ணை மூடவில்லை. இடது காதோரம் காற்று அடித்தது, கம்மல் ஆடியது. கம்பு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் மறுமுனையில் அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பட்டுதா?" என்றான்.

மோரெல்லாம் புடவையில் கொட்டியிருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"படல, மாமா" என்றாள். "படவே இல்ல."